பன்னிரண்டாவது பிள்ளை

ஜெயரூபிக்கு லேசில் எதுவும் அருவருக்காது. நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் பதினேழு வருடமாகப் படுக்கை விரிப்புத் தோய்க்கிறவளுக்கு அருவருத்தால் அடுப்பெரியுமா? வந்து தங்கிப் போனவர்களின் விரிப்பை உதறிப் பார்த்தே யார் குடித்தது, யார் சத்தியெடுத்தது, எந்தக் குழந்தை நனைத்தது என்று சொல்லிவிடுவாள். மூக்கைப் பொத்துகிற புதுப் பெண்களைக் கண்டால், "ஊத்தை எண்டால் ஊத்தைதான் பிள்ளை, அது உன்னைக் கடிக்காது" என்று பகிடி பண்ணுவாள். அப்படிப்பட்டவள்தான் இந்தச் சித்திராப் பௌர்ணமிக்குத் திருகோணமலை நகரத்தில், எலுமிச்சைப்புல் எண்ணெய் மணக்கிற, தூசு தும்பு இல்லாத ஒரு கட்டடத்துக்குள் நின்று ஓங்காளித்தாள்.

அவளை அங்கே இழுத்தது ஒரு போன். போன கிழமை சோபனா எடுத்திருந்தாள். இரண்டு பேரும் சின்ன வயதில் ஒரே பாயில் படுத்து எழும்பியவர்கள்.

"ரூபி, உன்ர பேர் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடக்குது."

"என்ன பெட்டி?"

"இடாப்படி. பிள்ளையளைச் சேர்க்கேக்க பெரியக்கா எழுதிற பெரிய இடாப்பு. உன்ர பக்கத்தைத்தான் விரிச்சு வைச்சிருக்கினம். வாற சனமெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பாத்துப் போகுதுகள்."

"என்ன எழுதிக் கிடக்கு?"

சோபனா இருமினாள். வராத இருமல். "நீயே ஒருக்கா வந்து பாரன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அந்த இடாப்பு இராசநாயகம் பெண் பிள்ளைகள் இல்லத்தின் இடாப்பு. இராசநாயகம் முதலாளி என்று ஒருவர், துறைமுகத்துக்குக் கப்பல் சாமான் கொடுத்துப் பணம் பண்ணியவர், நூறு வருடத்துக்கு முதல் கடலைப் பார்த்து ஒரு பெரிய கல் வீடு கட்டி, ஆதரவில்லாத பெண் பிள்ளைகளுக்கென்று எழுதி வைத்தார். சண்டை, புயல், சுனாமி எல்லாவற்றையும் தாண்டி நின்ற இல்லம், பன்னிரண்டு வருடத்துக்கு முதல் பிள்ளைகள் இல்லாமல் மூடப்பட்டது. இப்போது முதலாளியின் பூட்டப்பிள்ளை ரிஷிகேசன் கனடாவிலிருந்து வந்து, சுவருக்கு வெள்ளையடித்து, "மரபுரிமை இல்லம்" என்று பலகை போட்டுத் திறந்திருக்கிறான். முன்பக்கம் காட்சி, பின்பக்கம் சாப்பாட்டுக் கடை. சோபனாவுக்கு அங்கேதான் குசினி வேலை.

பெயர் பெட்டிக்குள் கிடந்தால் கிடக்கட்டும் என்று ஜெயரூபி விட்டிருப்பாள். விட முடியாமல் போனது அவளுடைய மகள் கீர்த்தனியால். கீர்த்தனி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு ரீச்சர். வருகிற வியாழக்கிழமை நாற்பது பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அந்த மரபுரிமை இல்லத்தைக் காட்டத்தான் போகிறாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா ஊர் குச்சவெளி, அம்மம்மா அம்மாவின் ஐந்து வயதிலேயே காய்ச்சலில் செத்துப்போனா, அம்மா நகரத்தில் ஒரு ஹொஸ்டலில் நின்று படித்தவ. ஹொஸ்டல் என்கிற அந்தச் சொல்லை ஜெயரூபி கலியாணம் முடித்த நாளிலிருந்து போர்வை மாதிரிப் போர்த்திக்கொண்டு திரிகிறாள். உண்மை தெரிந்தவர் புருசன் குணரத்தினம் மட்டும்தான். அவர் கரைவலைக்காரர், வாயைத் திறந்தால் வலையைப் பற்றி மட்டும் கதைக்கிறவர். இல்லத்துப் பிள்ளை என்றால் ஊரில் எப்படிப் பார்ப்பார்கள் என்று ஜெயரூபிக்கு நன்றாகத் தெரியும். பெற்ற மகள் அந்தப் பார்வை பார்த்தால் தன்னால் தாங்க ஏலாது. வியாழக்கிழமைக்கு முன்னம் அந்தப் பக்கத்தை மூடிவிட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

போயா விடுமுறை என்று பௌர்ணமியன்றே புறப்பட்டாள். வயிற்றில் பச்சைத் தண்ணீர்கூட இல்லை. தகப்பன் இல்லாதவர்களுக்கு ஆடி அமாவாசை, தாய் இல்லாதவர்களுக்குச் சித்திராப் பௌர்ணமி. காலையிலிருந்து விரதம் இருந்து, மத்தியானம் இலையில் படைத்து, காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் வாயில் எதையும் வைக்கலாம். ஜெயரூபி ஐந்து வயதிலிருந்து ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. கீர்த்தனி வயிற்றில் இருந்தபோதும் இருந்தாள், டொக்டர் திட்டத் திட்ட.

"நான் சமைச்சு வைக்கிறன் அம்மா, ரெண்டு மணிக்கு முதல் வாங்கோ. அம்மம்மாவுக்கு நேரத்துக்குப் படைக்க வேணும்" என்று சொல்லித்தான் கீர்த்தனி அனுப்பினாள். கண்ணாலும் காணாத அம்மம்மாவுக்கு அவள் சின்னப் பிள்ளையிலிருந்தே பக்தியாகப் படைக்கிறவள்.

இந்த விரதம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு எப்படி வந்தது என்பதும் ஒரு கதை. இராசநாயகம் முதலாளியின் தாய் பௌர்ணமியில் செத்தவவாம். அதனால் வருடாவருடம் சித்திராப் பௌர்ணமிக்கு, இல்லத்தில் உள்ள தாயில்லாப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைத் தேர்ந்து, விரதம் இருக்க வைத்து, முதல் பந்தியில் இருத்திச் சாப்பாடு போட்டு, ஆளுக்கொரு புதுச் சட்டை கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்தப் பன்னிரண்டு பேர் முதலாளி அம்மாவின் படத்துக்கு முன் வரிசையாக நின்று தேவாரம் பாடினால்தான் இலை விழும். தாய் இருக்கிற பிள்ளைகள் கதவடியில் நின்று எச்சில் விழுங்குவார்கள். சோபனாவுக்குத் தாய் இருந்தாள், மாதத்துக்கு ஒருதரம் வந்தும் போனாள். "உனக்கென்னடி, அம்மா இல்லை" என்று சோபனா ஒரு வருடம் அழுதழுது சண்டை பிடித்தது ஜெயரூபிக்கு இன்றும் நினைவிருக்கிறது. அப்போது அவளுக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கேற்றடியில் ரிக்கற் கிழிக்கிற பெடிச்சியிடம் "நான் இஞ்ச இருந்தனான்" என்று சொல்ல வாய் வரவில்லை. ஊர்ச் சனத்தோடு சனமாக உள்ளே போனாள். அந்தப் பெடிச்சியே எழும்பி, பிரசாந்தினி என்று தன் பெயர் சொல்லி, எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய் விளக்கம் சொல்லத் தொடங்கினாள். கூட்டத்தில் கொழும்புக் குடும்பம் ஒன்று, வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று, நாலைந்து உள்ளூர் ஆட்கள்.

முதலில் படுக்கை அறை. பத்துக் கட்டில், பத்து மெத்தை, வெள்ளை விரிப்பு, விரிப்பின் கால்மாட்டில் ஒரு செவ்வரத்தம் பூ. தொழில்காரியின் கண் முதலில் மடிப்பைத்தான் பார்த்தது: ஹோட்டல் மடிப்பு. இந்த அறையில் கட்டில் இருந்ததேயில்லை. அறுபது பிள்ளைகள் முப்பது பாயில் படுத்தார்கள். பாயில் மூட்டைப்பூச்சி, தலையில் பேன், காலில் சிரங்கு. மழைக்காலத்தில் கூரை ஓட்டையால் ஒழுகுகிற தண்ணீருக்குத் தப்ப, ஏலத்தில் முந்துகிற மாதிரி இடம் பிடிப்பார்கள். "சிறுமிகள் இந்தக் கட்டில்களில் கடல் காற்று வாங்கியபடி நித்திரை கொள்வார்கள்" என்றாள் பிரசாந்தினி.

அடுத்தது விறாந்தை. அங்கே ஒரு கருங்கல். தப்புச் செய்த பிள்ளைகள் உப்புக்கல்லைத் தூவி முழங்காலில் நிற்கிற கல் அது. அதற்கும் ஒரு பலகை எழுதியிருந்தார்கள், "ஒழுக்கக் கல்" என்று. கொழும்புப் பிள்ளை ஒன்று அதில் முழங்காலில் நின்று காட்ட, தாய் போனில் படம் எடுத்தாள். பிள்ளைக்கு ஒரே சிரிப்பு. ஜெயரூபியின் முழங்காலில் அந்த உப்பின் தழும்பு இன்னும் இருக்கிறது. குனிந்து சேலைக்கு மேலால் அதை ஒருதரம் தடவிவிட்டு நடந்தாள்.

பழைய பந்தி மண்டபம்தான் சாப்பாட்டுக் கடை. சுவர் முழுக்க இல்லத்துத் தகரக் கோப்பைகளை ஆணியில் தொங்கவிட்டிருந்தார்கள், நெளிந்தது, ஓட்டை விழுந்தது எல்லாம். கரும்பலகையில் "இல்லத்துப் பருப்பும் சோறும்" என்று எழுதி, அதற்கு நேரே போட்டிருந்த விலை ஜெயரூபியின் இரண்டு நாள் சம்பளம். வெள்ளைக்காரன் ஒருவன் தகரக் கோப்பையில் அதை வாங்கி வைத்துக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தான். அன்று இங்கே பிள்ளைகள் தின்றது கல் பொறுக்காத அரிசி, வண்டு மிதக்கிற பருப்பு, அதையும் மிச்சம் வைத்தால் அடி. அந்தச் சோற்றைத்தான் இவர்கள் பெயர் சொல்லி விற்கிறார்கள். இதை எந்தக் கை எழுதியது, எந்த நாக்கு ருசி பார்த்தது என்று அவளுக்கு மண்டை கொதித்தது.

குசினி வாசலில் சோபனா நின்றாள், பழங்காலச் சட்டை மாதிரி ஒரு நீலச் சீருடையில். ஐம்பது வயதுக்காரியைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உடுப்பாட்டி நிறுத்தியிருந்தார்கள். கண்ணால் மட்டும் "வா" என்றாள். சிரிக்கவில்லை.

பெட்டி பூசை அறையில் இருந்தது. சாமிப் படங்களைக் கழற்றிவிட்டு, நடுவில் கண்ணாடிப் பெட்டி, மேலே மஞ்சள் வெளிச்சம். ஜெயரூபி தன் மூக்குக் கண்ணாடியைக் கொண்டு வரவில்லை. பெரிய எழுத்தில் தன் பெயர் மட்டும் தெரிந்தது, மற்றதெல்லாம் எறும்பு ஊர்வது போல. ஆனால் வாசிக்கத் தேவையே இருக்கவில்லை. பிரசாந்தினி தொண்டையைச் செருமி, பாடமாக்கி வைத்திருந்ததை ஒப்புவித்தாள்.

"இது இந்த இல்லத்தின் மனதைத் தொடும் பக்கம். இலக்கம் இருநூற்றுப் பதினான்கு. பெயர் ஜெயரூபி. வயது சுமார் ஐந்து. ஊர் குச்சவெளி. கொண்டு வந்தவர், தாய். காரணம், தாய் மறுமணம். புதுக் கணவர் பெண் பிள்ளையை ஏற்கவில்லை. உடைமை, சட்டை ஒன்று. தலையில் பேன். படுக்கையை நனைக்கும் பழக்கம் உண்டு. தாய் போகும்போது பிள்ளை அழவில்லை."

அந்த இடத்தில் பிரசாந்தினி நிறுத்தினாள். நிறுத்தச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள் போல. கொழும்புத் தாய் "ஐயோ பாவம்" என்றாள். போன்கள் இரண்டு மூன்று கிளிக் கிளிக் என்றன.

"கீழே சிவப்பு மையில் ஒரு குறிப்பு. சித்திராப் பௌர்ணமிப் பந்திக்கு ஒருவர் குறைவு. இவளைத் தாயில்லாதோரில் சேர்க்கவும். தாய் காய்ச்சலில் இறந்ததாகப் பிள்ளைக்குச் சொல்லப்பட்டது. பாருங்கள், தாய் இருந்தும் ஒரு ஏழைப் பிள்ளைக்குப் புதுச் சட்டை கிடைக்கட்டும் என்று இல்லத்தார் காட்டிய கருணையை."

ஜெயரூபி கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். எலுமிச்சைப்புல் வாசம் மூக்குக்குள் ஏறியது. பந்திக்கு ஒரு ஆள் குறைந்ததாம். அதற்காக அவளுடைய அம்மாவைச் சாகடித்தார்களாம். எழுதிய கை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். இல்லத்தை நடத்திய, பெரியக்கா என்று எல்லோரும் கூப்பிடுகிற சிவபாக்கியம். காய்ச்சலில் தாய் செத்த கதையை மடியில் இருத்தித் தலை தடவிச் சொன்னதும் அதே கைதான். ஐந்து வயதுப் பிள்ளையை அன்று காலை முழுக்கப் பட்டினி போட்டு, பசியில் மயங்கி விழுந்தபோது, "அம்மாவுக்காகப் பொறு" என்று சொன்னதும் அதே வாய்தான். நாற்பத்தைந்து வருடம். உயிரோடிருந்த ஒருத்திக்கு நாற்பத்தைந்து தரம் திதிச்சோறு. அவளை விட்டுவிட்டுப் போன ஒருத்திக்கு.

ஓங்காளித்துக்கொண்டு வெளியே ஓடி, பின்வளவுத் தண்ணீர்ப் பைப்படியில் குந்திச் சத்தியெடுத்தாள். வெறும் வயிறு, பச்சையாக நுரைதான் வந்தது. சோபனா வந்து தலையைப் பிடித்தாள்.

"நீ வாசிச்சனீதானே?" என்று ஜெயரூபி கேட்டாள்.

"ஓம்."

"பேந்து ஏன் சொல்லேல்லை?"

"போனில என்னெண்டடி சொல்லுறது? உன்ர அம்மா சாகேல்லை, உன்னை விட்டிட்டுப் போனவ எண்டு போனிலயா சொல்லுறது?" சோபனா தண்ணீரை அள்ளி அவளுடைய முகத்தில் ஊற்றினாள். "நான் நெடுக உன்னில எரிச்சல் பட்டனான், சட்டை கிடைச்சதெண்டு. அதை வாசிச்ச அண்டைக்கு எனக்கும் இதே பைப்படிதான்."

அப்போது மணி அடித்தது. பிள்ளைகளைப் பந்தி வரிசைக்குக் கூப்பிடுகிற பழைய பித்தளை மணி, அதே சத்தம், மூன்று தரம்.

ஜெயரூபி எழும்பினாள். முகத்தைத் துடைத்தாள். நடந்தாள். சோபனா பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழவில்லை. பந்தி மண்டபத்துக்குள், முதலாளி அம்மாவின் மாலை போட்ட படத்துக்கு முன்னால், பழைய பிள்ளைகள் ஒரு பத்துப் பேர் வரிசையாக நின்றார்கள். எல்லோரும் நரைத்த தலைகள். ரிஷிகேசன் தேடிப் பிடித்துக் கூப்பிட்டிருந்தான், பந்தி வழக்கத்தைப் புதுப்பிக்கிறோம் என்று. ஜெயரூபி நேரே போய், உயரம் பார்த்து, மூன்றாவது ஆளுக்கும் நான்காவது ஆளுக்கும் நடுவில் தன் இடத்தில் நின்று, கையைக் கூப்பி, தலையைக் குனிந்தாள். நின்ற பிறகுதான் தான் நிற்பது அவளுக்கே தெரிந்தது. ஊத்தை விரிப்புக்கும் மூட்டைப்பூச்சிக்கும் வராத அருவருப்பு, தன்னுடைய இரண்டு கால்களையும் பார்த்து வந்தது. மணியடித்தால் ஓடுகிற கால்கள்.

ரிஷிகேசன் வந்தான். நாற்பது வயதிருக்கும், வேட்டி சால்வை, நல்ல சிரிப்பு. கெட்டவன் என்று ஒருவரும் சொல்ல முடியாத முகம். விரலால் எண்ணினான்.

"பதினொண்டு. ஒராள் குறையுதே. கமரா வேற ரெடி." சுற்றிப் பார்த்துவிட்டு, "சோபனா அன்ரி, நீங்களும் வந்து நில்லுங்கோ" என்றான்.

"எனக்கு அம்மா இருக்கிறா தம்பி" என்றாள் சோபனா. "படுத்த படுக்கை. ஆனா இருக்கிறா."

"படத்துக்குத்தானே அன்ரி. ஒரு அஞ்சு நிமிசம்."

சோபனா அங்கே வேலை செய்து சாப்பிடுகிறவள். நீலச் சீருடையை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவடியிலிருந்து வரிசையை நோக்கி ஒரு அடி வைத்தாள். சின்னப் பிள்ளையில் அழுதழுது கேட்ட இடம் அது, ஐம்பது வயதில் கிடைக்கிறது.

"அதில நில்லாதை!" என்று ஜெயரூபி கத்தினாள். மண்டபம் அதிர்ந்தது. வெள்ளைக்காரன் கரண்டியை வைத்துவிட்டான். "அம்மா கிடக்கையில உனக்கேன் இந்தச் சோறு? வாடி இஞ்சால!" தானும் வரிசையை விட்டு வெளியே வந்தாள். "எண்ணுங்கோ தம்பி. இப்ப பத்துப் பேர். எனக்கும் அம்மா இருந்தவ. உங்கட பெட்டிக்குள்ளயே எழுதிக் கிடக்குது, சிவப்பு மையில. இருநூற்றுப் பதினாலு நான்தான்."

பிரசாந்தினி "ஐயோ!" என்று கன்னத்தில் கை வைத்தாள். ரிஷிகேசனின் முகத்தில் முதலில் வந்தது வெட்கம் என்று ஜெயரூபி நினைத்தாள். கிட்ட வந்து பார்த்தால் அது சந்தோசம்.

"நீங்களா? உண்மையாவா? அன்ரி, நீங்கள் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு உங்கட கதையை நீங்களே சொன்னா எப்பிடியிருக்கும் தெரியுமா? மாசத்தில ஒரு நாள் வந்தாக் காணும்..."

"மூடும்" என்றாள் ஜெயரூபி. "அந்தப் புத்தகத்தை மூடும்."

அவன் தணிந்த குரலில், சனம் பார்க்கிறதே என்று, அவளைப் பூசை அறைக்குக் கூட்டிப் போனான். பிரசாந்தினியும் கூட வந்தாள், சோபனா பின்னால் வந்து வாசலில் நின்றாள். "மூடினா வாற சனம் என்னத்தைப் பாக்கிறது அன்ரி? இது வரலாறு. வியாழக்கிழமை நிலாவெளியிலயிருந்து பள்ளிக்கூடப் பிள்ளையள் வருதுகள், ரீச்சர் ஒராள் இடாப்பைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறா." கொஞ்சம் யோசித்தான். நல்லவன் அல்லவா, வழி கண்டுபிடித்துவிட்டான். "சரி. உங்கட மனம் நோகுதெண்டால் உங்கட பக்கம் வேண்டாம். வேற ஒண்டு வைப்பம்."

கண்ணாடியைத் தூக்கி, தாள்களைப் புரட்டினான். இருநூற்றுப் பதினைந்து, தகப்பன் சிறையில். பதினாறு, தாய்க்குப் புத்தி பேதலித்தது. பிரசாந்தினி இரண்டு வரி வாசித்துப் பார்க்க, அவன் "இதில கதை காணாது" என்று தள்ளினான். புடவைக் கடையில் துணி பார்ப்பது போலப் பார்த்தான். இருநூற்று இருபத்தொன்றில் கை நின்றது. "இது நல்லாயிருக்கு. எழுத்தும் வடிவு."

கண்ணாடி இல்லாமல் ஜெயரூபிக்கு எழுத்துத் தெரியவில்லை, ஆனால் வாசலில் நின்ற சோபனாவின் முகம் செத்துப்போனதைப் பார்த்தாள். அது அவளுடைய பக்கம். அதற்கு மேல் வாசிக்க என்ன இருக்கிறது?

அவள் எதற்காக வந்தாளோ அது கையில் வந்து விழுந்திருக்கிறது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வியாழக்கிழமை கீர்த்தனி வருவாள், யாரோ ஒருத்தியின் பக்கத்தைப் பார்ப்பாள், ஐயோ பாவம் என்பாள், வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது அம்மாவுக்கே சொல்லுவாள். ஹொஸ்டல் ஹொஸ்டலாகவே இருந்துவிடும். ஜெயரூபி அதை முழுதாக நினைத்துப் பார்த்தாள். நினைத்ததற்காகத் தன்னிலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

"விடும் கையை" என்று சொல்லி, தானே இடாப்பைத் திருப்பினாள். இருநூற்றுப் பதினான்கில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, கண்ணாடியை மூடினாள். "என்ரயே கிடக்கட்டும். வேற ஒருத்தியின்ரயைத் திறந்தியளெண்டு கேள்விப்பட்டால் நான் இஞ்ச வந்து என்ன செய்வனெண்டு எனக்கே தெரியாது."

ரிஷிகேசன் நன்றி சொன்னான். கையெடுத்துக் கும்பிட்டே சொன்னான். அதுதான் எல்லாவற்றிலும் கேவலமாக இருந்தது.

குச்சவெளி பஸ் வந்தது. நிலாவெளிக்கும் அதே பஸ்தான். கொண்டக்டர் "எங்க?" என்று கேட்டபோது ஒரு கணம் தடுமாறினாள். கடைசி மட்டும் போனால் அந்த ஊர். யாரைத் தேடி, எந்தப் படலையில் நின்று, என்ன சொல்லிக் கூப்பிடுவது? "நிலாவெளி" என்றாள். இருந்தால் எழுபது தாண்டியிருக்கும் அந்த மனுசிக்கு. விட்ட பிள்ளை அழவில்லை என்பதாவது ஞாபகம் இருக்குமோ என்று யோசித்தாள். அழுதிருக்கலாம், அழுதிருந்தால் திரும்பிப் பார்த்திருப்பாளோ என்று யோசித்தாள். பிறகு, ஐந்து வயதுப் பிள்ளையின் தலையில் இந்தப் பழியையும் போடுகிறேனே என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

வீட்டில் மரக்கறி மணந்தது. கீர்த்தனி தலை தோய்ந்து, நெற்றியில் நீறு பூசி, விளக்கேற்றி, அதற்கு முன் தலைவாழை இலை போட்டு, சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பாயாசம், வடை எல்லாம் படைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"என்னம்மா, முகமெல்லாம் இப்பிடிக் கிடக்கு? கெதியாக் கும்பிடுங்கோ. நான் காகத்துக்கு எடுத்து வைக்கிறன்."

ஜெயரூபி விளக்குக்கு முன்னால் சப்பணம் கட்டி இருந்தாள். இலையைத் தன் பக்கம் இழுத்தாள். படையல் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள்.

"அம்மா! அது அம்மம்மான்ர!"

"உன்ர அம்மம்மா சாகேல்லையடி" என்றாள் ஜெயரூபி, வாயில் சோற்றோடு. "இரு. சொல்லுறன்."

சொன்னாள். ஹொஸ்டல் இல்லை, இல்லம் என்று சொன்னாள். பாய், பேன், உப்புக்கல், பன்னிரண்டு பேர், புதுச் சட்டை, பெரியக்கா, இடாப்பு. படுக்கையை நனைத்ததையும் விடவில்லை. சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். நிறுத்தினால் பிறகு சொல்லமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். இலையில் பாதி முடியக் கதையும் முடிந்தது. மகளின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது, பார்த்தாள். முப்பது வருடமாகப் பயந்த அந்தப் பார்வை அங்கே இல்லை. கீர்த்தனியின் முகத்தில் இருந்தது ஆத்திரம்.

"நான் வியாழக்கிழமைப் பயணத்தை நிப்பாட்டுறன்" என்றாள். "அந்த நாயளின்ர இடத்துக்கு என்ர பிள்ளையளைக் கொண்டுபோக ஏலாது."

"நிப்பாட்டினால்? நீ போகாட்டி வேற ஆக்கள் போவினம். அங்க விளக்கம் சொல்லுற பெடிச்சி ஒவ்வொரு நாளும் அதைப் பாடமாக்கிச் சொல்லத்தான் போறாள். அழேல்லை எண்டு வாற இடத்தில நிப்பாட்டுவாள், சனம் ஐயோ பாவம் எண்டும்." ஜெயரூபி விரல்களை வழித்து இலையை மடித்தாள். "நீ போ. அவளை வாசிக்க விடாதை, நீயே பிள்ளையளுக்கு வாசி. அந்த இடத்தில நிப்பாட்டாமல் சிவப்பு மையையும் வாசி, கருணை எண்டு சொல்லாமல் என்ன செய்தவை எண்டதைச் சொல்லு. வாசிச்சு முடிச்சிட்டு, இது என்ர அம்மா எண்டு சொல்லு. சத்தமாச் சொல்லு, உவன் ரிஷிகேசனுக்கும் கேக்கட்டும்."